தையல் மிஷினில் உட்கார்ந்தே இடுப்பு வலி: பிலாட்டிஸ் உதவுமா?

மஞ்சக்குப்பம் டெய்லர் (கேள்வி)

வணக்கம். எனக்கு 44 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக லேடீஸ் தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், சுடிதார், சேலைக்கு ஃபால்ஸ், பீக்கோ எல்லாம் உண்டு. காலையில் மிஷினில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். முகூர்த்த மாதங்களில் இரவு பத்து மணி கூட ஆகிவிடும்.

இடுப்பு வலி வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதலில் குனிந்து நிமிரும்போது மட்டும் பிடித்தது. இப்போது ஸ்டூலை விட்டு எழுந்தால் நேராக நிற்கவே கொஞ்ச நேரம் ஆகிறது. இடது பிட்டத்தில் ஆரம்பித்துத் தொடை வரை இழுக்கிறது. முழங்காலுக்குக் கீழே போவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தேன். எல்4-எல்5, எல்5-எஸ்1 இரண்டு இடத்திலும் டிஸ்க் பிதுங்கல், தேய்மானம் என்று எழுதியிருக்கிறது. ஆபரேஷன் தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்து, பெல்ட் போடச் சொன்னார். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்றார். குனியாமல் துணி வெட்டுவது எப்படி? அன்றிலிருந்து வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடப் பயமாக இருக்கிறது.

பெங்களூரில் வேலை செய்யும் மகள் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி வகுப்பில் சேரச் சொல்கிறாள். புதுச்சேரியில் ஒரு இடத்தில் போய் விசாரித்தோம். ஸ்பிரிங் பொருத்திய கட்டில் மாதிரி ஒரு மிஷினில் படுக்க வைத்துச் செய்ய வைக்கிறார்கள். மாதக் கட்டணம் என் கடை வாடகையை விட அதிகம். பஸ்ஸில் போய் வந்தால் அரை நாள் வேலை கெடும். அது உண்மையிலேயே பலன் தருமா? அந்த மிஷின் இல்லாமல் வீட்டில் செய்ய முடியுமா? டிஸ்க் பிதுங்கியவர்கள் செய்யலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டை பிசியோ

அக்கா, வணக்கம். நான் புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்ட். பாயில் செய்யும் பிலாட்டிஸைத் தனியாகக் கற்று, இடுப்பு வலியோடு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், டெய்லர்கள், மீன் கூடை தூக்கும் அம்மாக்கள் எல்லோரும் வருகிறார்கள். குடம் தூக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். வலியைக் காட்டிலும் அந்தப் பயம்தான் பலரை முடக்கிவிடுகிறது.

முதலில் அவசரமான விஷயம். மலம், சிறுநீர் போகும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, திடீரென்று அடக்க முடியாமல் போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் இவற்றோடு முதுகு வலி இருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊரில் அது அபூர்வமான நோய் இல்லை. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், கீழே விழுந்த பிறகு வலி வந்தவர்கள் இவர்களுக்கும் டாக்டர்தான் முதலில். நீங்கள் எழுதியதில் இதெல்லாம் எதுவும் இல்லை, அதனால் மேலே சொல்கிறேன்.

அடுத்து அந்த ரிப்போர்ட். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த 33 ஆய்வுகளைச் சேர்த்து 2015-இல் ஒரு தொகுப்பு வந்தது. 3,110 பேர். அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கல் இருந்தது. 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. இவர்கள் யாருக்கும் வலி கிடையாது. ‘தேய்மானம்’ என்பதும் அப்படித்தான், வயதோடு வரும். உங்கள் வலிக்கும் அந்தப் பிதுங்கலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், தொடை வரை இழுப்பது நரம்பு சீண்டப்படுவதாலும் இருக்கலாம். ஆனால் அந்தக் காகிதத்தை வைத்து ‘என் முதுகு உடைந்துவிட்டது’ என்று நினைக்காதீர்கள். முதுகெலும்பு குனிவதற்காகவே அமைந்தது. வலி அதிகமாக இருக்கும் சில வாரம் குறைவாகக் குனிய வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கிக் கொண்டுவர வேண்டும். வாழ்நாள் முழுக்கக் குனியாமல் இருந்தால் தசை இன்னும் பலவீனமாகும், வலிக்குத்தான் சாதகம்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறிப்பிட்ட நோய் எதுவும் காரணமாக இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதல் இரண்டையும் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் ட்ராக்‌ஷனையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. நீங்கள் பெல்ட்டை இன்றே கழற்றி எறிய வேண்டியதில்லை. பஸ் பயணம், நீண்ட வேலை நாள் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பயிற்சி கூடக் கூட நேரத்தைக் குறையுங்கள். உங்கள் டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இனி பிலாட்டிஸ். ஜோசப் பிலாட்டிஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமாவும் எலும்பு பலவீனமும் இருந்த பிள்ளை. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால், எதிரி நாட்டுக்காரர் என்று முகாமில் அடைத்தார்கள். அங்கே கூட இருந்தவர்களுக்குத் தரையில் செய்யும் பயிற்சிகளைச் சொல்லிக்கொடுத்தார். படுத்த படுக்கையாக இருந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங் மாட்டிக் கை கால் அசைக்க வைத்தார் என்றும், நீங்கள் பார்த்த அந்த மிஷினுக்கு அதுதான் ஆரம்பம் என்றும் சொல்வார்கள். 1926-இல் நியூயார்க் போனார். அங்கே நடனக்காரர்கள் அடிபட்டால் அவரிடம்தான் போவார்கள். 1945-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் 34 பயிற்சிகள் இருக்கின்றன. ஒன்றுக்கும் மிஷின் தேவையில்லை, எல்லாம் பாயில் செய்பவை. அக்கா, உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பலன் உண்டா என்றால், உண்டு. காக்ரேன் என்ற அமைப்பு 2015-இல் இடுப்பு வலிக்கு பிலாட்டிஸ் பற்றிய 10 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. 510 பேர். எதுவும் செய்யாமல் இருப்பதை விட, அல்லது வெறும் மாத்திரை, அறிவுரையோடு நிற்பதை விட, பிலாட்டிஸ் செய்தவர்களுக்கு வலியும் முடக்கமும் குறைந்தது. ஆனால் மற்ற உடற்பயிற்சிகளை விட இது மேல் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. பிலாட்டிஸ் சொல்லிக்கொடுக்கிற நானே இதைச் சொல்கிறேன். கடை வாடகையை விட அதிகப் பணம் கொடுத்து மிஷினில் செய்ய வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. ஸ்பிரிங் மிஷின் கெட்டது என்று அர்த்தமில்லை. ரொம்ப பலவீனமானவர்களுக்கு அது உடம்பின் எடையைத் தாங்கிக் கொடுக்கும். கடையை நடத்திக்கொண்டு, நடமாட்டத்தோடு இருக்கிற உங்களுக்குத் தரையே போதும்.

அப்படியானால் ஏன் பிலாட்டிஸையே சொல்லிக்கொடுக்கிறேன்? நிதானம்தான் காரணம். எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று அவசரமாகச் செய்கிற பயிற்சி இல்லை இது. மூச்சோடு சேர்த்து, எந்தத் தசை வேலை செய்கிறது என்று கவனித்துச் செய்ய வேண்டும். பயந்துபோன உடம்புக்கு அது நம்பிக்கை கொடுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மெத்தையில் வேண்டாம், தரையில் ஜமக்காளத்தை மடித்துப் போடுங்கள். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் ஊன்றுங்கள். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளி இருக்கும். அதை அழுத்தித் தட்டையாக்கவும் வேண்டாம், இன்னும் வளைக்கவும் வேண்டாம். இரண்டு கையையும் விலாவின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் மூச்சு இழுக்கும்போது விலா பக்கவாட்டில் விரிவது கையில் தெரிய வேண்டும். வாயால் மெதுவாக ஊதி வெளியே விடும்போது தொப்புளுக்குக் கீழே அடிவயிறு மெல்ல உள்ளே போகட்டும், கூடவே சிறுநீரை அடக்கும்போது இறுகும் தசையை லேசாக மேலே இழுங்கள். முழுப் பலம் வேண்டாம், கால்வாசி போதும். இதில் வேலை செய்யும் தசை அடிவயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடி, பக்கவாட்டில் சுற்றி முதுகுப் பக்கம் போய்ச் சேர்கிறது. உடம்போடு சேர்த்தே தைத்துக் கொடுத்த பெல்ட் அது. முதல் வாரம் இதை மட்டும் செய்தால்கூடப் போதும். பார்க்க ஒன்றுமே செய்யாதது போலத் தெரியும், ஆனால் இது வராமல் மற்றவற்றுக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, அதே படுக்கையில் இடுப்பைத் தூக்குவது. மூச்சை விட்டுக்கொண்டே முதலில் வாலெலும்பு, பிறகு இடுப்பு, பிறகு நடு முதுகு என்று ஒவ்வொன்றாகத் தரையை விட்டு எழ வேண்டும். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே சரிவாக வந்ததும் நில்லுங்கள், அங்கேயே மூச்சு இழுங்கள். இறங்கும்போது மேல் முதுகு முதலில், வாலெலும்பு கடைசியில். பிட்டத் தசையில் வேலை தெரிய வேண்டும். பின்தொடை பிடித்துக்கொண்டால் பாதத்தைக் கொஞ்சம் உடம்புப் பக்கம் நகர்த்துங்கள்.

மூன்றாவது, ஒரு பாதத்தை மட்டும் தரையிலிருந்து எடுத்து, முழங்கால் இடுப்புக்கு மேலே வரும்வரை தூக்கி, திரும்ப வைப்பது. கால் அசையும்போது இடுப்பு அசையக் கூடாது, அதுதான் இதில் பயிற்சி. நான்காவது, வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால் இரண்டும் ஒட்டியிருக்க மேல் முழங்காலை மட்டும் திறந்து மூடுவது. பிறகு மறுபக்கம். நாள் முழுக்க ஸ்டூலில் உட்காருகிறவர்களுக்குப் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசை ரொம்பச் சோர்ந்திருக்கும். ஐந்தாவது, கையும் முழங்காலும் ஊன்றி நான்கு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் எதிரெதிராக நீட்டுவது.

கடைசியாகக் குப்புறப் படுத்து, உள்ளங்கைகளைத் தோளுக்குப் பக்கத்தில் வைத்து, மார்பை மட்டும் கொஞ்சம் உயர்த்துவது. நாளெல்லாம் ஊசியைப் பார்த்து முன்னால் வளைந்தே இருக்கிற உங்களுக்கு இது ரொம்ப முக்கியம். செய்யும்போது தொடையில் இருக்கும் இழுப்பு மேலே ஏறி இடுப்பிலேயே நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இழுப்பு கீழே இறங்கி முழங்காலைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், அந்தப் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். எல்லாப் பயிற்சிக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து முறை. வாரத்தில் மூன்று நாள் போதும். வீடியோக்களில் வரும் முழுதாக எழுந்து உட்காரும் பயிற்சி, முதுகை உருட்டி உருட்டி ஆடுவது, இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி இறக்குவது இதெல்லாம் இப்போது வேண்டாம். பிலாட்டிஸ் என்றாலே எல்லோரும் முதலில் காட்டுகிற, தலையைத் தூக்கி வைத்துக் கையை நூறு தடவை அடிக்கும் பயிற்சியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் ஒன்றிரண்டு தடவை மட்டும் யாராவது பிசியோ நேரில் பார்த்தால் நல்லது. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவில் உங்கள் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேளுங்கள். புதுச்சேரி வரை வர வேண்டியதில்லை.


ஓய்வுபெற்ற டிரைவர், திருப்பாதிரிப்புலியூர்

தங்கச்சி, நான் பஸ் ஓட்டியவன். கடலூர் – புதுச்சேரி ரூட்டில் பல வருஷம். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று ஊருக்கு ஊர் வேகத்தடை. பக்கத்தில் இன்ஜின் சூடு, இடது கால் கிளட்சிலேயே கிடக்கும். சர்வீஸ் முடியும் காலத்தில் சீட்டிலிருந்து கம்பியைப் பிடித்துத்தான் இறங்குவேன்.

அந்தப் பொண்ணு சொல்கிற பயிற்சிகளில் நாலு எனக்கும் ஒரு பிசியோ தம்பி சொல்லிக்கொடுத்தார். பிலாட்டிஸ் என்ற பெயரெல்லாம் எனக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. எனக்குப் பெரிய வித்தியாசம் கொடுத்தது ஒருக்களித்துப் படுத்து முழங்காலைத் திறப்பதுதான். அந்த மூச்சுப் பயிற்சி ஒரு வாரத்தில் பிடிபடவில்லை, மாதக் கணக்கில் ஆனது. பிடிபட்டதும் இன்னொரு நன்மை, படியேறும்போது, அரிசி மூட்டையை நகர்த்தும்போது தானாகவே மூச்சை விட்டு வயிற்றை இறுக்க ஆரம்பித்துவிட்டேன். முழங்கால் வலி இருந்தால் நான்கு காலில் நிற்பது கஷ்டம், கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

வலி போய்விட்டது, ஆனாலும் நான் விடவில்லை. காலையில் பல் தேய்க்கிற மாதிரி அதுவும் நடக்கிறது. கூடவே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் நடை. மணலில் கால் புதைய நடந்தால் எனக்கு இடுப்பு பிடிக்கிறது, அதனால் ரோட்டிலேயே நடந்துவிட்டு, கடைசியில் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு வருவேன்.


முத்தியால்பேட்டை

ஒரு சந்தேகம். புதுச்சேரியில் ஆண்டுதோறும் ஜனவரி 4 முதல் 7 வரை அரசாங்கமே யோகா திருவிழா நடத்துகிறது. தெருவுக்கு ஒரு யோகா ஆசிரியர் இருக்கிறார். குறைந்த செலவில் நம்மிடமே ஒன்று இருக்கும்போது ஜெர்மனிக்காரர் பயிற்சி எதற்கு? சண்டைக்குக் கேட்கவில்லை. என் அம்மாவுக்கும் இதே பிரச்சினை, அவரை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் கேட்கிறேன்.


லாஸ்பேட்டை பிசியோ

நல்ல கேள்வி. யோகாவும் பலன் தரும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் 320 பேரை வைத்து நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 12 வார யோகா வகுப்பு, பிசியோதெரபிக்குக் குறைவில்லாத பலனைத் தந்தது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடுப்பு வலிக்காரர்களுக்கென்றே பார்த்து வடிவமைத்த யோகா அது. எல்லோரோடும் சேர்ந்து ஒரே வரிசையில் செய்யும் பொது வகுப்பு இல்லை. டிஸ்க் வலி அதிகமாக இருக்கும் நாட்களில் பச்சிமோத்தாசனம், ஹலாசனம் மாதிரி ஆழமாக முன்னால் மடங்குவது பலருக்கு வலியைக் கிளப்பிவிடும். புஜங்காசனம், சேதுபந்தாசனம் பலருக்கு ஒத்துக்கொள்ளும். நான் மேலே எழுதிய இடுப்பைத் தூக்குவதும், குப்புறப் படுத்து மார்பை உயர்த்துவதும் ஏறக்குறைய அவையேதான்.

உங்கள் அம்மா ஏற்கெனவே ஏதாவது ஆசிரியரிடம் போய்ப் பழகியிருந்தால் அங்கேயே தொடரட்டும். அவரிடம் போய் ‘அம்மாவுக்கு இங்கே வலி, இது இது செய்தால் கூடுகிறது’ என்று சொல்லுங்கள். அவர் உட்கார வைத்துக் கேட்டு, ஆசனத்தை மாற்றிக் கொடுக்கிறாரா என்று பாருங்கள். ‘வலித்தாலும் பொறுத்துக்கொண்டு செய், சரியாகிவிடும்’ என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள். பிலாட்டிஸ் வகுப்பு தேடுகிறவர்களும் இதையே பார்த்துச் சேரலாம். பிடித்த பயிற்சியைத்தான் தொடர்ந்து செய்வோம். அம்மாவுக்கு எது பிடிக்கிறதோ அதில் விடுங்கள்.

டிரைவர் ஐயா நடையைப் பற்றிச் சொன்னது ரொம்பச் சரி. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2024-இல் வந்தது. இடுப்பு வலி வந்து குணமானவர்களில் ஒரு பாதிக்கு, பிசியோ வழிகாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் நடக்கும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். திரும்ப வலி வரும் இடைவெளி, நடக்காதவர்களுக்கு 112 நாள் என்றால் நடந்தவர்களுக்கு 208 நாள், இடைநிலைக் கணக்கில் (அதாவது பாதிப் பேருக்கு அதற்கு முன்பும், மீதிப் பேருக்கு அதற்குப் பின்பும்). கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நடைக்குக் கட்டணமும் இல்லை.


மஞ்சக்குப்பம் டெய்லர்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிசியோ தங்கச்சி எழுதியதை மகள் பிரிண்ட் எடுத்து அனுப்பியிருக்கிறாள். மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும்.

எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். முதுகில் போட்ட ஊசியால்தான் இந்த வலி, இது போகவே போகாது என்று மாமியார் சொல்கிறார். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். அது உண்மையா? அப்புறம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, இருமினாலோ தும்மினாலோ கொஞ்சம் சிறுநீர் வந்துவிடுகிறது. அதற்கும் இடுப்பு வலிக்கும் சம்பந்தம் உண்டா? கடையில் ஸ்டூலை எப்படி வைத்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள்.


லாஸ்பேட்டை பிசியோ

அக்கா, கூச்சமே வேண்டாம். கேட்டதற்குச் சந்தோஷப்படுகிறேன். பல வருஷம் யாரிடமும் சொல்லாமல், ‘குழந்தை பெற்றால் இப்படித்தான்’ என்று வெளியூர்ப் பயணத்தையே விட்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். இது பொதுவாக வருகிற பிரச்சினை, சரிசெய்ய வழியும் உண்டு.

ஊசி விஷயம். எங்கள் ஊரிலும் எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். முதுகில் மயக்க ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கலாம். ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போட்டுக்கொள்ளாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், வருஷக்கணக்கில் நீடிக்கும் முதுகு வலிக்கு அந்த ஊசி காரணம் என்று தெரியவரவில்லை. ஊசியே போடாமல் சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும் இடுப்பு வலி நிறைய வருகிறது. கர்ப்ப காலத்தில் வயிற்றுச் சுவர் பல மாதம் இழுபட்டு, நடுவில் இடைவெளி விட்டுப் போகும். சிசேரியனில் வயிற்றைத் திறந்து தைக்கிறார்கள். அதன் பிறகு அந்தத் தசைக்குத் திரும்ப வேலை சொல்லிக்கொடுக்க நமக்கு யாரும் இல்லை. கைக்குழந்தையைத் தூக்குவது, குனிந்து குளிப்பாட்டுவது, தூக்கம் கெடுவது எல்லாம் முதுகின் மேலேதான் விழுகிறது. மாமியாரிடம் சண்டை போட வேண்டாம். ஆனால் ‘போகவே போகாது’ என்பதை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். பிரசவமாகிப் பல வருஷம் கழித்தும் தசை கற்றுக்கொள்ளும்.

சிறுநீர் கசிவும் இதோடு சேர்ந்ததுதான். மேலே மூச்சுத் தசை, முன்னால் அடிவயிற்றுத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சின்னத் தசைகள், அடியில் கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத் தளத் தசை. நாலும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. இருமும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது, அடித்தளம் தாங்கவில்லை என்றால் கசியும். இந்தக் கசிவுக்கு முதல் சிகிச்சையே அந்தத் தசைக்கான பயிற்சிதான். மூச்சு விடும்போது மேலே இழுக்கச் சொன்னேனே, அதைத் தனியாகவும் செய்யுங்கள். இழுத்து ஐந்து நொடி வைத்து, முழுசாகத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதும் இழுப்பதற்குச் சமமான வேலை, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகாதீர்கள், அது நல்லதில்லை. மூன்று மாதம் விடாமல் செய்துவிட்டுப் பலனைப் பாருங்கள். குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். இருமல் வருவது தெரிந்தால், இருமுவதற்கு முன்பே இழுத்துக்கொள்ளுங்கள். இது சீக்கிரமே கைவரும்.

இனி கடை. ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும், முழங்கை மிஷின் பலகையின் உயரத்துக்கு வரட்டும். அதற்கு ஸ்டூலை உயர்த்த வேண்டியிருந்தால் கெட்டியான திண்டு வையுங்கள், அமுங்கிப் போகும் பஞ்சு மெத்தை வேண்டாம். பெடலை உங்கள் பக்கம் இழுத்துப் போடுங்கள். கால் எட்டி மிதிக்கும்போது இடுப்பும் முன்னால் சறுக்கும். பல டெய்லர்கள் ஊசியைச் சரியாகப் பார்க்கத்தான் குனிகிறார்கள், அதனால் ஊசிக்குப் பக்கத்தில் நல்ல எல்.இ.டி. விளக்கு ஒன்று மாட்டுங்கள். 44 வயதில் கண்ணையும் ஒரு முறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை என்றால் முதுகுதான் வளையும்.

தரையில் உட்கார்ந்து துணி வெட்டுகிறீர்கள் என்றால் அதை மேசைக்கு மாற்றுங்கள். மேசை தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து, நின்றபடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும்படி உயர்த்துங்கள். வெட்டுவது, அயர்ன் செய்வது இரண்டையும் நின்று செய்யுங்கள். அரை நாள் தைத்துவிட்டு அரை நாள் வெட்டுவதை விட்டுவிட்டு, இரண்டு பிளவுஸ் தைத்ததும் எழுந்து ஒன்று வெட்டுங்கள். எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்தாலும் ஒரே இடத்தில் ரெண்டு மணி நேரம் இருந்தால் வலிக்கும். எழுந்ததும் கைகளை இடுப்பில் வைத்து ஐந்து முறை மெதுவாகப் பின்னால் சாயுங்கள்.


மஞ்சக்குப்பம் டெய்லர்

விளக்கு இன்றே வாங்கிவிட்டேன். கடைசியாக ஒன்று. நடுவில் வலி கூடினால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமா? அடுத்த மாதம் கல்யாண ஆர்டர்கள் நிறைய இருக்கின்றன, பயமாக இருக்கிறது.


லாஸ்பேட்டை பிசியோ

கூடும் நாட்கள் வரத்தான் செய்யும் அக்கா. வேலை அதிகமான மாதத்தில் வந்தால் ஆச்சரியமில்லை. அன்றைக்கு முழுப் படுக்கையில் கிடக்காதீர்கள். மூச்சுப் பயிற்சியும், ஒரு பாதம் தூக்குவதும் மட்டும் செய்துவிட்டு, வீட்டைச் சுற்றி ஐந்தைந்து நிமிஷமாக நடங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். பயிற்சி செய்த மறுநாள் தசை நோவு இருந்து, ஒன்றிரண்டு நாளில் அடங்கினால் அது சகஜம். வலி காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ, பாதம் பலவீனமானாலோ டாக்டரிடம் போங்கள்.

ஆர்டர் மாதத்தில் வாரம் மூன்று நாள் முடியாவிட்டால் இரண்டு நாளாக்கிக்கொள்ளுங்கள், முழுசாக விட்டுவிட வேண்டாம். வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்றில்லை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் செய்தால் போதும். கடையை மூடும் முன் கட்டிங் மேசைக்குப் பக்கத்தில் ஜமக்காளம் விரித்து இருபது நிமிஷம் செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்குப் போனால் சமையலும் மற்ற வேலைகளும் பிடித்துக்கொள்ளும். தண்ணீர்க் குடத்தை முதலில் கால் பங்கு நிரப்பி, உடம்புக்கு நெருக்கமாக வைத்து, மூச்சை விட்டபடி தூக்கிப் பாருங்கள். அடுத்த வாரம் அரைக் குடம்.